ருசி பாராத சாறு

மார்கழி பிறந்த சில நாட்களில் மும்பையில் காற்று திரும்பும். அதுவரை கடலிலிருந்து ஈரமாக வந்துகொண்டிருந்த காற்று, ஒரு விடியற்காலையில் வடக்கே தரைப்பக்கமிருந்து வறண்டு வரும். செம்பூரில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் வடக்கு பார்த்தது. அதனடியில் இருக்கும் தேங்காய் எண்ணெய்ப் புட்டியில் ஓரத்தில் வெள்ளையாக ஆடை படிந்திருக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். வானிலை அறிக்கை பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும், குளிர் வந்துவிட்டதென்று.

பதினாறு, பதினேழு டிகிரியை வடக்கத்திக்காரர்கள் குளிர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஓர் ஊரின் குளிரை அந்த ஊரில் தரையில் படுப்பவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 1962 ஜனவரி 22-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி பதிவானது. மும்பையில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை அது. அம்மா கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்த பிறகு கண்ட முதல் குளிர்காலமும் அதுவே. கையில் பட்ட தண்ணீர் சுட்டது போல இருந்தது என்பாள். அன்று அவள் செய்த மிளகுச் சாத்தமுதைப் பற்றி அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

சாத்தமுது என்று எங்கள் வீட்டில் சொல்வோம். மற்றவர்களுக்கு அது ரசம். சாறும் அமுதும் சேர்ந்து சாற்றமுது, அது வாயில் புழங்கிப் புழங்கிச் சாத்தமுது. குழம்பு குழம்பமுது, காய் கறியமுது, பாயசம் திருக்கண்ணமுது. சமைப்பதற்கே தளிகை என்று பெயர். பெருமாளுக்குக் காட்டிய பிறகு உண்பது என்பதால் எல்லாவற்றின் வாலிலும் ஓர் அமுது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதில் சாறு என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. பழந்தமிழில் அதற்கு விழா என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு காயைக் கொதிக்க வைத்து அதன் உள்ளே இருப்பதைத் தண்ணீருக்குள் வரவழைப்பதற்கும், ஊரே கூடிக் கொண்டாடுவதற்கும் ஒரே சொல்லை வைத்திருந்தார்கள். ஏன் என்று அகராதி சொல்லவில்லை. அடுப்பின் முன்னால் நிற்கும்போது சில சமயம் எனக்குப் புரிவது போல இருக்கும்.

இந்த ஊர்க் குளிரில் மட்டும் சந்தைக்கு வரும் காய்கள் உண்டு. டெல்லி கேரட் என்று இங்கே சொல்லும் சிவப்புக் கேரட் அதில் முதலாவது. வருஷம் முழுவதும் கிடைக்கும் ஆரஞ்சு நிறக் கேரட்டைவிட நீளமானது, இனிப்பானது. நறுக்கும் பலகையில் அதன் சிவப்பு இறங்கி நிற்கும். அப்புறம் பச்சைப் பட்டாணி. மாட்டுங்கா மார்க்கெட்டில் தராசில் அள்ளிப் போடும்போதே சலசலவென்று சத்தம் கேட்கும். பட்டாணியை உரித்துவிட்டுத் தோலைக் குப்பையில் போடக் கூடாது. தோலின் உட்புறம் கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சவ்வு இருக்கும். நகத்தால் நுனியைக் கிள்ளி உள்பக்கமாக மடக்கி இழுத்தால் முழுசாக உரிந்து வந்துவிடும். சவ்வு போன தோலைச் சாற்றில் போட்டால், பட்டாணியைவிட அதிகமாகப் பட்டாணி மணக்கும்.

நான் காய்ச்சும் சாறு அம்மாவின் சாத்தமுதும் அல்ல, ஹோட்டலில் கிண்ணத்தில் கொண்டுவந்து வைக்கும் சூப்பும் அல்ல. வெள்ளைக்காரர்கள் சென்னைப் பட்டணத்தில் மிளகுத்தண்ணீரைக் குடித்துப் பழகி, அதை முல்லிகடானி என்று தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய், ஆட்டுக்கறியும் மாவும் சேர்த்துக் கெட்டியாக்கினார்கள். நான் அந்த வழியில் பாதி தூரம் திரும்பி வந்திருக்கிறேன். இரண்டு சிவப்புக் கேரட், ஒரு கை பட்டாணித் தோல், வெள்ளை முள்ளங்கி பாதி, ஒரு துண்டு பூசணி, இரண்டு தக்காளி, கொத்தமல்லித் தண்டு, தட்டிய இஞ்சி. தழையைக் கடைசியில் தூவத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தண்டை மட்டும் போட வேண்டும். மார்கழியில் எங்கள் வீட்டில் வெங்காயம், பூண்டு கிடையாது. முதலில் கேரட்டும் முள்ளங்கியும் ஒன்றரை லிட்டர் தண்ணீரில் போகும். ஒரு கொதி வந்ததும் மற்றவற்றையும் போட்டுத் தீயைத் தணித்துவிடுவேன்.

தணித்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. தளதளவென்று கொதிக்கும்போது காய்கள் ஒன்றோடொன்று மோதிக் கரைந்து சாறு கலங்கிப்போகும். தீ சிறிதானால் மேற்பரப்பு அமைதியாகி, எங்கோ ஒரு மூலையில் மட்டும் ஒரு குமிழ் எழுந்து உடையும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மூலையில் இன்னொன்று. நாற்பது நிமிஷம் அப்படியே போக வேண்டும். கேரட்டின் சிவப்பு மெல்ல வெளியே வந்து, தண்ணீர் முதலில் வைக்கோல் நிறமாகி, பிறகு தேன் நிறமாகும். அந்த நேரத்தில் நான் வேறு வேலை செய்வதில்லை. வானொலியும் வைப்பதில்லை. எனக்குத் தெரிந்த தியானம் இது ஒன்றுதான். ஒரு காய் தன்னிடம் இருப்பதைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையாவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பது.

வடிகட்டும்போது பிழியக் கூடாது. தானாக இறங்குவதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். சோறு வடித்த கஞ்சி ஒரு கரண்டி, கொரகொரப்பாகப் பொடித்த மிளகும் சீரகமும், கல்லுப்பு. மறுபடி அடுப்பில் ஏற்றி, ஓரத்தில் நுரை கூடும்போது இறக்கிவிட வேண்டும். நெய்யில் நாலு சீரகம் பொரித்துக் கொட்டினால் முடிந்தது.

ருசி பார்ப்பதில்லை. இதுதான் அம்மா எனக்கு விட்டுப்போன சொத்து.

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடம். 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியது. அதன் பிறகு, நெரிசலில் தவித்த நகரத்துக்குக் காற்றோட்டமான குடியிருப்புகள் வேண்டும் என்று இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் திட்டமிட்டு எழுப்பிய பகுதிகளில் அதுவும் ஒன்று. அகலத் தெரு, மரங்கள், வீட்டுக்கு வீடு பால்கனி. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தமிழர்களும் பாலக்காட்டுக்காரர்களும் அங்கே நிறைந்தார்கள். 1923-ல் தொடங்கிய ஆஸ்திக சமாஜம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். மார்கழியில் விடிவதற்கு முன்பே அங்கிருந்து பஜனைச் சத்தம் வரும். அதற்குள் அம்மா குளித்து, ஈரப்புடவையோடு தளிகை ஆரம்பித்திருப்பாள்.

பெருமாளுக்குக் காட்டுமுன் ஒரு சொட்டுக்கூட உள்ளங்கையில் விட்டுப் பார்க்க மாட்டாள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது கேட்டேன்: “உப்பு சரியா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“கைக்குத் தெரியும்டி.”

“ஒரு நாள் தப்பாப் போயிட்டா?”

“அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா நமக்குத் தெரியும், அன்னிக்கு நாம இங்கே இல்லேன்னு.”

மூடியைத் திறந்து ஆவியில் முகத்தைக் காட்டி, கண்ணை மூடி ஒரு மூச்சு எடுப்பாள். புளியின் பச்சை வாசனை போய்விட்டதா, மிளகு மேலே வந்துவிட்டதா, எல்லாம் அந்த ஒரு மூச்சில். பிறகு உப்பு மரவையில் கைவிட்டு எடுத்துப் போடுவாள். எடுத்ததில் கொஞ்சத்தை மறுபடி மரவைக்கே உதிர்ப்பதும் உண்டு. அந்த உதிர்த்தல்தான் எனக்கு இன்றும் அதிசயமாக இருக்கிறது. நாக்கின் உதவியில்லாமல், கண்ணும் மூக்கும் காதும் கையும் சேர்ந்து, இன்னொருவருடைய வாயை நினைத்துக்கொண்டு ஒன்றைச் செய்து முடிப்பது. ருசி பார்த்துச் சமைக்கும்போது பாதி கவனம் நம் நாக்கில் இருக்கும். அதை எடுத்துவிட்டால் கவனம் முழுவதும் பாத்திரத்துக்குள் போய்விடும்.

ஈயச்சொம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளீயத்தில் வார்த்த சொம்பு. உடம்புக்கு ஆகாத காரீயம் வேறு. சொம்பு கும்பகோணத்திலிருந்து அம்மாவோடு வந்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புத் தீ அதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் உள்ளே சாத்தமுது இருக்கும்வரை சொம்புக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்குமேல் அது ஏறாது. வெறுஞ்சொம்பாகத் தீயில் வைத்தால் போயிற்று. எனக்குப் பத்தொன்பது வயதில் அது நடந்தது. பரீட்சை நினைப்பில் சொம்பை ஏற்றிவிட்டுப் புளித்தண்ணீரை எடுக்கத் திரும்பினேன். திரும்பிப் பார்க்கையில் சொம்பு ஒரு பக்கமாக மண்டியிட்டது போலச் சாய்ந்தது. அடிப்பாகம் பாதரசம் மாதிரி அடுப்பு மேடையில் ஓடியது. அம்மா வந்து பார்த்தாள். திட்டவில்லை. ஆறிய ஈயத்தைச் சுரண்டி எடுத்து ஒரு துணியில் முடிந்து வைத்தாள். அந்த முடிச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது. நிறைந்திருந்தால்தான் தீயைத் தாங்கும் என்பதை எந்த உபன்யாசமும் எனக்கு அவ்வளவு கிட்டத்தில் காட்டியதில்லை.

அம்மாவின் அடுப்படியை நினைக்கும்போது இன்னொரு சமையற்காரரும் நினைவுக்கு வருவார். டோகென் என்ற ஜப்பானியத் துறவி 1223-ல் சீனத்துக்குக் கப்பலேறிப் போனார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தபோது, அறுபத்தொரு வயதுக் கிழத் துறவி ஒருவர் வெகுதூரம் நடந்து வந்து கப்பலில் சரக்கு வாங்கினார். ஒரு மடத்தின் சமையற்காரர் அவர். மறுநாள் மடத்திலுள்ளவர்களுக்குச் சாறு காய்ச்சி, மாவு இழைகளைப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். டோகெனுக்கு அவரை விட மனமில்லை. இரவு தங்கிப் பேசிவிட்டுப் போகலாமே என்றார். சமையலை நான் பார்க்காவிட்டால் நாளைக்குச் சரிவராது என்று கிழவர் கிளம்பினார். இந்த வயதில் தியானமும் படிப்புமாக இருப்பதை விட்டு அடுப்படி வேலை எதற்கு என்று இளைஞர் கேட்க, கிழவர் உரக்கச் சிரித்து, சாதனை என்றால் என்னவென்று உனக்கு இன்னும் தெரியவில்லை என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். பதினான்கு வருஷம் கழித்து, 1237-ல், மடத்துச் சமையற்காரர்களுக்காகவே டோகென் ஒரு நூல் எழுதினார். அதில் இந்தக் கிழவரை மறக்காமல் சேர்த்தார். கிழவரின் மடம் இருந்த மலைக்குப் பெயர் ஆயூவாங். அசோகச் சக்கரவர்த்தியைச் சீனர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கிழவர் சொந்தக்காரராகிவிட்டார்.

ஆனால் என் அம்மாவின் அடுப்படியில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவள் கைமணத்தைப் பற்றி மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும்.

தாராவியிலிருந்து ஒரு ஆச்சி எங்கள் கட்டடத்துக்குக் கீரை கொண்டுவருவார். திருநெல்வேலிப் பக்கம். தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே சந்தில் வீடு. குளிர் நாட்களில் தூதுவளை கிடைத்தால் எங்களுக்கென்று எடுத்து வைத்திருப்பார். தூதுவளை இலையில் சின்னச் சின்ன முள் இருக்கும். எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பி, நடுநரம்பில் இருக்கும் முள்ளைக் கட்டைவிரல் நகத்தால் அவரே கிள்ளிப் போட்டுவிட்டுத்தான் கொடுப்பார். “பிள்ளைக்குத் தொண்டையில குத்திரும்லா” என்பார். விரல் நுனியெல்லாம் பச்சையும் கீறலுமாக இருக்கும். சாறு காய்ச்சும்போது தண்ணீர் வற்றினால் பச்சைத் தண்ணீர் ஊற்றக் கூடாது, சுடுதண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்குச் சொன்னவர் அவர். “கொதி அடங்கிச்சுன்னா சாறு மொகத்தத் திருப்பிக்கிடும் தாயி.” மிளகை நல்லமொளவு என்பார். நான் இன்றும் மிளகைத் தட்டும்போது மனசுக்குள் அந்தப் பெயரைத்தான் சொல்கிறேன்.

பெருமாளுக்குக் காட்டியான பிறகு அம்மா அவருக்கும் சாத்தமுது கொடுப்பாள். சூடாக, நிறைய, நெய் மிதக்க. ஆனால் அதற்கென்று ஒரு அலுமினியத் தம்ளர் இருந்தது. அது உள்ளே வராது. வெளி ஜன்னல் மாடத்தில் இருக்கும். உயரத் தூக்கி ஊற்றுவாள். ஆச்சி குடித்துவிட்டு, படிக்குழாயில் கழுவி, மாடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். வருஷக்கணக்காக இப்படி நடந்தது. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கெட்டவள் இல்லை. ஆச்சிக்கு உடம்பு சரியில்லை என்றால் தூங்க மாட்டாள். ஆனாலும் அந்தத் தம்ளர் மாடத்தில்தான் இருந்தது. முதல் வாய் பெருமாளுக்கு என்று ருசிகூடப் பாராமல் காய்ச்சிய சாற்றை, படியில் முள் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு எட்ட நின்று ஊற்றினோம். அந்தப் பெருமாள் அப்போது எந்தப் பக்கம் இருந்தார் என்று கேட்க எனக்கு நாற்பது வயது ஆகவேண்டியிருந்தது.

பொங்கலன்று ஆச்சி என்னை ஒருமுறை தம் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அம்மா எப்படியோ சம்மதித்தாள். தாராவியில் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் அடுப்பு, பானை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பானை பொங்கினால் குலவைச் சத்தம் அடுத்த பானைக்கு ஓடியது. எங்கள் வீட்டில் சாத்தமுது பொங்கிவிடக் கூடாதென்று நுரை கூடும் நிமிஷத்துக்குக் காத்திருப்போம். இங்கே பொங்கி வழிய வேண்டுமென்று அதே கண்ணோடு, அதே மூச்சடக்கத்தோடு காத்திருந்தார்கள். முதலில் பொங்கிய பானையிலிருந்து எனக்கு எடுத்துக் கொடுத்தார் ஆச்சி. அவர் வீட்டுத் தட்டில். பிள்ளைகள் சாப்பிடும் அதே தட்டில்.

வடலூரில் வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியது 1867 மே 23-ஆம் தேதி. அன்று ஏற்றிய அடுப்பு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக அணையாமல் எரிகிறது. சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பசிதான் அங்கே நுழைவதற்குத் தகுதி. நான் வடலூர் போனபோது ஜோதியைப் பார்க்க நின்ற நேரத்தைவிட அந்த அடுப்பின் எதிரில் நின்ற நேரம் அதிகம். பெரிய அண்டாக்கள், கண்ணெரியும் புகை, வியர்த்து நிற்கும் மனிதர்கள். அவர்களும் ருசி பார்த்து நான் காணவில்லை. அடுத்த பந்தி காத்துக்கொண்டிருந்தது. வள்ளலாருக்குத் தூதுவளையும் கரிசலாங்கண்ணியும் பிரியமான மூலிகைகள் என்று அங்கே நினைத்துக்கொண்டபோது, அந்தப் பச்சை படிந்த விரல்கள் கண்ணில் வந்து நின்றன.

ஆச்சி போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அம்மா போய் பதினொன்று.

இந்த மார்கழியில் ஒரு விடியற்காலை சாறு இறக்கி, ஒரு கிண்ணம் பெருமாளுக்குக் காட்டிவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். தூரத்தில் செட்டா நகர் முருகன் கோயில் பக்கம் பனியும் புகையும் கலந்து மங்கலாக இருந்தது. கீழே கேட் அருகில் எங்கள் கட்டடத்துக் காவலாளி, பீகாரிலிருந்து வந்தவர், ராத்திரி டியூட்டி முடியும் நேரம். மஃப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, ஒரு தகர டப்பாவில் அட்டையைப் போட்டு எரித்து, அதன்மேல் இரண்டு கையையும் விரித்து உட்கார்ந்திருந்தார். அந்தக் கைகளைப் பார்த்ததும் ஆவியில் முகம் காட்டும் அம்மாவின் நினைவு வந்தது.

வெளிக்கென்று நான் தம்ளர் ஏதும் வைத்திருக்கவில்லை. நான் தினமும் காபி குடிக்கும் டபரா செட்டிலிருந்து தம்ளரை எடுத்து, சாற்றை ஊற்றி, மேலே கொத்தமல்லித் தழை தூவி, இறங்கிப் போனேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உடனே குடிக்கவில்லை. தம்ளரைக் கன்னத்தில் ஒரு பக்கம் வைத்தார், பிறகு மறுபக்கம். பிறகுதான் ஊதி ஊதி ஒரு வாய்.

“நமக் டீக் ஹை?” என்று கேட்டேன்.

“ஏக்தம் டீக், மாஜி.”

முழுவதும் குடித்து முடித்து, தம்ளரைக் கழுவத் தோட்டக் குழாய்ப் பக்கம் திரும்பினார். நான் கையை நீட்டினேன். கொஞ்சம் தயங்கினார். கையை எடுக்காமல் நின்றேன். கொடுத்துவிட்டார். அடியில் ஒரு மிளகுத் துணுக்கு ஒட்டியிருந்தது, தம்ளர் இன்னும் சுட்டது.

மேலே வந்து, அதே தம்ளரில் எனக்கு ஊற்றிக்கொண்டு ஜன்னலடியில் உட்கார்ந்தேன். எண்ணெய்ப் புட்டியில் ஆடை இளக ஆரம்பித்திருந்தது. ஒரு வாய் குடித்தேன்.

உப்பு ஒரு கல் குறைச்சல்.